பெரியம்மா வீட்டுக்கு எந்த ரவுட்டர்?

கொக்குவிலில் பெரியம்மாவின் வீடு பழைய கல்வீடு. சுவர் ஒன்றரை அடித் தடிப்பு, குசினி பின்பக்கம் தனியாக. கனடாவிலிருந்து அண்ணா, "வைஃபை 7 ரவுட்டரே வாங்கு, காசைப் பாராதை" என்றார். நான் வாங்கவில்லை. முதலில் வீட்டில் இருக்கிற சாமான்களை எண்ணினேன். நீங்களும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

வைஃபைக்குப் பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. பெட்டியில் 802.11என் என்றிருந்தால் அது வைஃபை 4, 2009ஆம் ஆண்டுச் சரக்கு. ஏசி என்றால் 5 (கடையில் ஒருவர் குளிரூட்டி என்று நினைத்துவிட்டார்), ஏஎக்ஸ் என்றால் 6, பிஈ என்றால் 7. ரவுட்டர் 7, போன் 4 என்றால் இரண்டும் 4 இல்தான் கதைக்கும். அக்காவின் மடிக்கணினியில் வைஃபை பண்புகளைத் திறந்து 'புரோட்டோகோல்' வரியைப் பார்த்தேன்: 6. பெரியம்மாவின் போனும் கேற்றடிக் கமராவும் 4, அதுவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்.

கல்வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூட, ஆனால் தடித்த சுவரில் சுருண்டுவிடும். வைஃபை 5 அந்த அலைவரிசையில் மட்டுமே வேலை செய்யும். அந்த ரவுட்டர்கள் 2.4 இல் தருவது பெரும்பாலும் பழைய 4 தான். 6 தான் இரண்டையும் திருத்தியது. வைஃபை 7 இன் மிக அகலமான சனல்கள் (அலைவரிசையின் கூறுகள்) 6 கிகாஹேர்ட்ஸில். அது 5 ஐ விடவும் சுவருக்குப் பயந்தது, பிடிக்கிற சாமானும் அந்த வீட்டில் இல்லை. ஆக 6 வாங்கினேன்.

வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறையைப் புதிய டபிள்யூபிஏ3 என்று மட்டும் போட்டேன், கமரா செத்துப்போனது. வயர்தான் பழுது என்று அரைநாள் வெயிலில் ஏணியில் நின்றேன். பிறகு பழைய டபிள்யூபிஏ2 உம் 3 உம் கலந்த முறைக்கு மாற்ற, தானாக உயிர் வந்தது. 2.4 இல் சனல் அகலம் 20 மெகாஹேர்ட்ஸ் என்று வைத்தேன், சனல் 1, 6, 11 இல் அயலவர் குறைவாகப் பாவிப்பது.

விறாந்தை மூலையிலிருந்த ரவுட்டரை வீட்டு நடுவுக்குக் கொண்டுவந்தும் குசினி எட்டவில்லை. பழைய வைஃபை 4 ரவுட்டரை எறியாமல், அதில் டிஎச்சிபியை (சாமான்களுக்கு முகவரி பங்கிடும் வேலையை) நிறுத்தி, அதன் சொந்த முகவரியை மாற்றி, புதியதிலிருந்து லேன் வயர் இழுத்து அதன் லேன் துளையில் செருகினேன். இப்போது பெரியம்மா தேங்காய் திருவிக்கொண்டே அண்ணாவோடு வீடியோவில் கதைக்கிறார். ஏழு வாங்கவில்லை என்று அண்ணாவுக்கு இன்னும் சொல்லவில்லை.