நெஞ்செரிவா, வயிற்றுக் கிருமியா? பிரித்துப் பார்த்து மருந்தெடுங்கள்

திருகோணமலையில் வயிறு எரிகிறது என்றால் எல்லாருக்கும் அது "கேஸ்ட்ரைட்டிஸ்"தான், பாமசியில் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் ஒரு கார்ட் வாங்கிப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டுவார்கள். என் அம்மாவும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தார். கடைசியில் பார்த்தால் அவருக்கு இருந்தது ஒன்றல்ல, இரண்டு கோளாறு.

முதலாவது, வயிற்றில் புண் (அல்சர்) உண்டாக்கும் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. உறைப்பும் கவலையும்தான் அல்சருக்குக் காரணம் என்று டொக்டர்மாரே நம்பியிருந்த காலத்தில், 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வாரனும் இதைப் பிடித்தார்கள், 2005இல் நோபல் பரிசும் கிடைத்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே வெறும் வயிற்றில் வலித்தால், நடுச்சாமத்தில் வலி எழுப்பினால் இதைச் சந்தேகியுங்கள். ஆனால் ஊகித்து மருந்தெடுக்கக் கூடாது, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்யவேண்டும். அதற்கு இரண்டு கிழமை முன்பே ஒமெப்ரசோலை நிறுத்தவேண்டும் (டொக்டரிடம் கேட்டுத்தான்), அன்டிபயோட்டிக் எடுத்திருந்தால் நாலு கிழமை இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். கிருமி உறுதியானால் பெரும்பாலும் 14 நாள் மருந்து. வாய் கசக்கும், வயிறு பிரட்டும், அஞ்சாம் நாள் சுகமாகிவிட்டது போலவும் இருக்கும், ஆனாலும் ஒரு குளிசைகூட விடாதீர்கள், பாதியில் விட்டால் மிஞ்சும் கிருமிக்கு அடுத்த முறை அதே மருந்து பிடிக்காமல் போகலாம். முடித்து நாலு கிழமைக்குப் பிறகு திரும்பப் பரிசோதியுங்கள்.

சரி, அம்மாவுக்குக் கிருமி போய்விட்டது, ஆனால் இரவு கொத்து ரொட்டி சாப்பிட்டுப் படுத்தால் புளித்த தண்ணி தொண்டைவரை ஏறுவது நிற்கவில்லை. அதுதான் இரண்டாவது கோளாறு, அது தசையின் வேலை. உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் 3, 4 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ஒரு தசை வளையம் இருக்கிறது, விழுங்கும்போது திறந்து பிறகு இறுகும். வயிறு முட்டினால் விழுங்காமலே இடையிடையே தளர்ந்துவிடும், அந்த நேரம்தான் அமிலம் மேலே வருகிறது. இந்த வளையத்தை நம் இஷ்டத்துக்கு இறுக்க முடியாது. ஆனால் அதைச் சுற்றி நெரித்துப் பிடிப்பது மூச்சுக்கான உதரவிதானத் தசை, அதைப் பழக்கலாம்: கையை வயிற்றில் வைத்து, நெஞ்சு அசையாமல் வயிறு மட்டும் எழும்ப மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், தினமும் பத்து நிமிடம்.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் விடுங்கள், சாரத்தை (லுங்கியை) வயிறு நெரியக் கட்டாதீர்கள், இடப்பக்கம் சரிந்து படுங்கள். தலையணை அடுக்குவது சரிவராது, இடுப்பு மடிந்து வயிறுதான் நெரியும். நாங்கள் கட்டிலின் தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் கீழே சீமெந்துக் கல் வைத்தோம், 15 சென்ரிமீற்றர் உயரம், கால் வழுக்காமல் இடையில் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி வைத்தோம். அம்மா நிம்மதியாக உறங்கினார். டொக்டர் ஒமெப்ரசோல் தந்தால் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள்.

கறுப்பாக மலம் போனால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், காரணமில்லாமல் மெலிந்தால் தள்ளிப்போடாமல் டொக்டரைப் பாருங்கள். இரத்தமாக வாந்தி எடுத்தாலோ, நெஞ்சு இறுக்கத்தோடு வியர்த்து வலி கைக்கோ தாடைக்கோ ஓடினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், கொத்து சாப்பிட்ட எரிவுதானே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.