ஜவ்வாது மலையில் கோடைப் பட்டாம்பூச்சி நடை

வேலூர் வெயிலில் பட்டாம்பூச்சி பார்க்கக் காலை 8 முதல் பத்தரை வரைதான் நேரம். அதற்கு முன் இறகு சூடேறாது. உச்சி வெயிலில் இலைக்கடியில் ஒண்டிவிடும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் கட்டாயம்.

மலையின் அமிர்தி அடிவாரத்தில் ஓடை வற்றினாலும் ஈரமணல் இருக்கும். அங்கே கூட்டமாக உப்பு உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண் பட்டாம்பூச்சிகள். குனிந்து, மெதுவாகப் போங்கள். உங்கள் நிழல் மேலே விழுந்தால் மொத்தமும் பறந்துவிடும், பலரும் கோட்டைவிடுவது இதில்தான்.

சரக்கொன்றை பூத்திருந்தால் பூவை ரசித்துவிட்டு, தளிரையும் பாருங்கள்: கொன்றை வெள்ளையன் பட்டாம்பூச்சி முட்டையிடுவது அதில். எருக்கிலையைப் புரட்டினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு 3 ஜோடிக் கரிய கொம்புள்ள புழு தெரியும். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. இலையைக் கிள்ளாதீர்கள், எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து.