‘அடிமை’ என்ற சொல்லே இல்லாத அரசமைப்பில் அடிமைமுறையைப் படிப்பது எப்படி?

1787 செப்டம்பர் 17 அன்று ஃபிலடெல்ஃபியாவில் 39 பேர் கையெழுத்திட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் ‘அடிமை’, ‘அடிமைமுறை’ என்ற சொற்கள் கண்ணில் படாது. ‘அடிமைமுறை’ முதன்முதலாக இடம்பெறுவது அதை ஒழித்த 13ஆவது திருத்தத்தில், 1865இல்தான். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டில் நடந்த பெரிய பேரங்கள் பலவும் அடிமைமுறையைச் சுற்றியே நடந்தன. அவற்றைப் பார்க்க ஒரு பேனாவும் கொஞ்சம் கணக்கும் போதும்.

முதலில், திருத்தங்கள் சேராத மூல வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு நீக்கப்பட்ட பகுதிகளை விட்டுவிட்டு அச்சிடும் பதிப்புகளில் நமக்கு வேண்டிய வரிகளே இருக்காது. ‘நபர்’ என்ற சொல்லைத் தேடிக் கோடிடுங்கள். முதல் உறுப்பின் 2ஆம் பிரிவில், மக்கள்தொகைக்கேற்ப மாநிலங்களுக்கு இடங்களைப் பங்கிடும் வரியில், “மற்ற எல்லா நபர்களிலும் ஐந்தில் மூன்று பங்கு” என்று வரும்; அந்த ‘மற்ற நபர்கள்’ அடிமைகளே. அதே உறுப்பின் 9ஆம் பிரிவில், மாநிலங்கள் “அனுமதிக்கத் தக்கவர்கள் என்று கருதும் நபர்கள்” வந்து இறங்குவதை 1808 வரை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடுக்கக் கூடாது என்றும், தலைக்கு 10 டாலருக்கு மேல் வரி போடக் கூடாது என்றும் இருக்கும். நான்காம் உறுப்பில் “உழைப்புக்குக் கட்டுப்பட்ட நபர்” தப்பியோடினால் என்ன செய்வது என்று வரும். ஐந்தாம் உறுப்பின் கடைசிப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். அந்த 1808 வரம்பைத் திருத்தம் கொண்டுவந்தும் மாற்ற முடியாதபடி அதற்குப் பூட்டுப் போட்டது அதுதான்.

இனி கணக்கு. பலரும் தவறு செய்யும் இடம் இதுதான், நிதானமாகப் போடுங்கள். 1790 கணக்கெடுப்பின்படி வர்ஜீனியாவில் சுதந்திரமாக இருந்தவர்கள் 4,54,983 பேர், அடிமைப்படுத்தப்பட்டவர்கள் 2,92,627 பேர். பென்சில்வேனியாவில் முந்தையவர்கள் 4,30,636, பிந்தையவர்கள் 3,737. அடுத்து நடந்த பங்கீட்டில் 33,000 பேருக்கு, காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் அவையில் ஓர் இடம், மிச்சத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போட்டு வர்ஜீனியாவுக்குக் கணக்கிடுங்கள். அடிமைகளைச் சேர்க்காவிட்டால் 13 இடங்கள். ஐந்தில் மூன்று சேர்த்தால் 19. முழுதாகச் சேர்த்தால் 22. பென்சில்வேனியாவுக்கு எந்த நெடுவரிசையிலும் 13தான். சுதந்திர மக்கள்தொகை கிட்டத்தட்ட சமமாக இருந்த இரு மாநிலங்களுக்கிடையே 6 இடங்கள் வித்தியாசம்!

“ஒரு மனிதரை ஐந்தில் மூன்றாக எண்ணினார்களே, முழுதாக எண்ணியிருந்தால் நியாயமாக இருந்திருக்கும்” என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. மூன்றாவது நெடுவரிசையைப் பாருங்கள். முழுதாக எண்ணச் சொன்னது தென் மாநிலத்துப் பண்ணையார்கள். எண்ணப்பட்டவர்களுக்கு வாக்கு கிடையாது. அவர்கள் பெயரில் கூடிய இடங்கள் எல்லாம் அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் கைக்கே போயின. குடியரசுத் தலைவர் தேர்தலிலும் இதே எடைதான், ஏனென்றால் ஒரு மாநிலத்தின் தேர்வாளர் (தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்களிப்பவர்) எண்ணிக்கை என்பது அந்த அவையின் இடங்களோடு இரண்டு செனட்டர்களைச் சேர்த்தது: வர்ஜீனியாவுக்கு 21, பென்சில்வேனியாவுக்கு 15. நேரடி வரியும் இதே விகிதத்தில் என்று எழுதியிருந்தாலும் அப்படிப்பட்ட வரி அரிதாகவே போடப்பட்டது.

அடுத்து, தேதிகளை ஒன்றோடொன்று பொருத்துங்கள். தனி வரியாகப் படித்தால் பேரம் தெரியாது. 1787 ஆகஸ்ட் 25 அன்று, அடிமை இறக்குமதிக்கான பாதுகாப்பை 1800இலிருந்து 1808க்கு நீட்டிக்கத் தென் கரோலினாவின் சார்ல்ஸ் கோட்ஸ்வர்த் பிங்க்னி கோரினார். வழிமொழிந்தவர் மாசசூசெட்ஸின் நத்தானியல் கோரம். அந்த மாநிலத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளால் அடிமைமுறை ஏற்கெனவே வீழ்ந்திருந்தது! 7க்கு 4 என்று தீர்மானம் நிறைவேறியது, வர்ஜீனியா எதிர்த்து வாக்களித்தது. நான்கு நாள் தள்ளி, ஆகஸ்ட் 29ஐப் பாருங்கள். கப்பல் வணிகச் சட்டங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற நிபந்தனை அன்று கைவிடப்பட்டது. வடக்குக் கப்பல் முதலாளிகளுக்கு வேண்டியது அதுதான். தப்பியோடியவர்களைப் பற்றிய கூறும் அதே நாளில் எதிர்ப்பில்லாமல் ஏற்கப்பட்டது. வடக்கு வணிகத்துக்கு விலை கொடுத்தவர்கள் அந்த மண்டபத்தில் இல்லாதவர்கள். வர்ஜீனியாவின் எதிர்ப்பைக் கருணை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இறக்குமதி நின்றால் அங்குள்ள அடிமைகளின் விலை ஏறும் என்று பிங்க்னியே மாநாட்டில் சொன்னார்.

அரசமைப்பு 1808ஐத் தடைக்கான ஆண்டாக வைக்கவும் இல்லை. அதுவரை தடுக்க முடியாது என்பதே பொருள். தடைக்கு 1807இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 1803 இறுதியில், தென் கரோலினா இந்த வணிகத்தை மறுபடி திறந்துவிட்டது.

தப்பியோடியவர் கூறில் வினைச்சொல்லைக் கவனியுங்கள். “ஒப்படைக்கப்பட வேண்டும்” என்று இருக்கிறது, ஒப்படைப்பது யார் என்று இல்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் 1793 சட்டமும், இன்னும் கொடிய 1850 சட்டமும் வந்தன.

கடைசியாக, 1868இன் 14ஆவது திருத்தத்தின் 2ஆம் பிரிவைப் பக்கத்தில் வைத்து உங்கள் மூன்றாவது நெடுவரிசையை மறுபடி பாருங்கள். ஐந்தில் மூன்று போய் முழு எண்ணிக்கை வந்தது. ஆண்களின் வாக்குரிமையை மறுக்கும் மாநிலம் அதற்கேற்ப இடங்களை இழக்கும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. பின்னாளில் தென் மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தன. இடங்களைக் குறைக்கும் அந்த விதியைக் காங்கிரஸ் ஒருமுறைகூடச் செயல்படுத்தவில்லை.