வராத நோயாளியைத் தேடிக் கற்றல்: கடலோரக் குடும்ப மருத்துவப் பயிற்சிக்கு ஒரு வழிமுறை

குடும்ப மருத்துவம் பயிலும் முதுநிலை மாணவர் ராமநாதபுரம் கடற்கரையில் உள்ள ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வந்து சேரும் முதல் நாளிலேயே, சென்ற மாதம் ரத்த அழுத்தத்திற்கோ சர்க்கரைக்கோ மாத்திரை வாங்காமல் விட்டவர்களின் பட்டியலை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பதிவுகளிலிருந்தே அதைத் தயாரிக்கலாம். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊரொன்றில் பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை மிகுந்த இடத்தில்தான் நல்ல மருத்துவம் அரிதாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதினார். தம்மிடம் வராதவர்களையும் தேடிச் சென்று ரத்த அழுத்தம் அளந்தவர் அவர். நம் பயிற்சியும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் இரண்டு வாரங்களுக்குக் கிராம சுகாதார செவிலியரே மாணவருக்கு ஆசிரியர். வீடுதோறும் அவருடன் செல்லும் மாணவர், எப்போது கடலுக்குப் போகிறீர்கள், எப்போது கரை திரும்புகிறீர்கள், படகில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டறிந்த பிறகே மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டவருக்கு, வலை இழுக்கும் மும்முரத்தில் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். நடுக்கடலில் ஒருமுறை அப்படித் தலைசுற்றியவர் மறுநாள் முதல் மாத்திரையையே நிறுத்திவிடுவார். ‘மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர்’ என்று கேஸ் ஷீட்டில் எழுத மாணவரை அனுமதிக்காதீர்கள். காரணத்தை எழுதச் செய்து, அவருடைய தொழில் நேரத்திற்கு ஏற்ப மருந்தையும் வேளையையும் மாற்றியமைக்கக் கற்றுக்கொடுங்கள்.

மண்டபம் பகுதியில் கடற்பாசி எடுக்கச் செல்லும் பெண்களை, புறநோயாளிப் பிரிவு நடக்கும் காலை நேரத்தில் அங்கே எதிர்பார்ப்பது வீண். பாறையில் கிழிபடும் அவர்களுடைய கைகால்களைக் கரையிலேயே பார்க்க மாணவரை அழைத்துச் செல்லுங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவருக்குக் காயம் பட்டதே தெரியாது என்பதால், இருவிரல் அகலப் புண்ணுக்காக வந்தவரிடமும் இரண்டு பாதங்களையும் முழுமையாகச் சோதிக்கவும், டெட்டனஸ் ஊசி போட்டுள்ளாரா என்று விசாரிக்கவும் பழக்க வேண்டும்.

முதுநிலை மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவில் பணியாற்ற வேண்டும் என்பது 2020-ல் வந்த விதி. இயன்றால் அதை மார்ச் நடுவில் தொடங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது. சிகிச்சைக்கு நேரம் கிடைப்பதும் பணம் இல்லாமல் போவதும் ஒரே பருவத்தில் நிகழ்வதை மாணவர் கண்ணால் காண்பது அவசியம்.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவ்வாறு சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. இதை மாணவருக்குச் சொல்லிவிட்டு, மனநோய் தீர ஏர்வாடி தர்காவை நம்பி வந்த குடும்பத்தாரைக் கடிந்து பேசாமல், அவர்களுடைய பிரார்த்தனைக்கு இடம் கொடுத்துக்கொண்டே மாத்திரையைத் தொடரச் செய்யும் பேச்சுமுறையை அருகில் அமர்ந்து கேட்க வையுங்கள்.

மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதும் மாணவர், ஒருமுறையேனும் ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராமநாதபுரத்திற்கு நோயாளியுடன் பஸ்ஸில் சென்று திரும்ப வேண்டும். செலவான பணத்தையும் இழந்த ஒரு நாள் கூலியையும் அந்தச் சீட்டின் பின்புறம் குறிக்கச் சொல்லுங்கள்.

மதிப்பிடும்போது, பார்த்த நோயாளிகளின் எண்ணிக்கையைவிட, முதல் நாள் பட்டியலில் இருந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சைக்குத் திரும்பினர் என்பதற்கே கூடுதல் மதிப்பெண் தாருங்கள். மாணவர் விடைபெறும் வாரத்தில், எஞ்சியவர்களின் வீடுகளுக்கு அடுத்த மாணவரை நேரில் அழைத்துச் சென்று, வாசலிலேயே அறிமுகம் செய்து வைத்துவிட்டுப் போகட்டும்.