படிகக் கட்டமைப்பும் காந்தப் பண்பும்: தாமிர அசிட்டேட்டை முன்வைத்து ஓர் உலோக அணைவுச் சேர்மத்தை ஆராயும் முறை

உலோக அணைவுச் சேர்மங்களின் காந்தப் பண்பை ஆராயப் புகும் மாணவர், அணுக்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் அவற்றின் இணையுறா எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று எப்படி உணர்கின்றன என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எக்ஸ் கதிர் விளிம்பு விளைவும் இரண்டாவதற்குக் காந்த ஏற்புத்திறன் (வெளிப்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதன் அளவு) அளவீடும் விடை தருகின்றன. இவ்விரண்டையும் ஒரே மாதிரியில் இருந்து பெற்று, ஒன்றை மற்றொன்றால் சரிபார்ப்பதே இவ்வாய்வின் உயிர்நாடி. இதைக் கற்றுக்கொள்ள, தாமிர அசிட்டேட் மோனோஹைட்ரேட்டை விடச் சிறந்த சேர்மம் இல்லை என்பது என் துணிபு. விலை மலிவானது, காற்றில் கெடாது, பெறும் முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்க ஏழு பத்தாண்டுகளின் அளவீடுகள் இருக்கின்றன.

அதன் வரலாறே ஒரு பாடம். தாமிர 2+ அயனியில் இணையுறா எலக்ட்ரான் ஒன்று உண்டு. ஆகவே அதன் காந்தத் திருப்புத்திறன் குறைந்தது 1.73 போர் மேக்னட்டான் (அணுவளவுக் காந்தத்தின் அலகு) இருக்க வேண்டும். தாமிர அசிட்டேட்டிலோ அறை வெப்பநிலையில் அது ஏறத்தாழ 1.4 மட்டுமே. குளிர்விக்கக் குளிர்விக்க ஏற்புத்திறன் உயர்வதற்கு மாறாக ஓர் உச்சத்தைக் கடந்து சரிவதை பி. சி. குஹா 1951இல் வெளியிட்டார். 1952இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த பிளீனியும் பவர்ஸும் எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு நிறமாலையை ஆராய்ந்து, தாமிர அயனிகள் இரண்டிரண்டாக இணைந்திருக்க வேண்டும் என்றும், அவற்றின் தற்சுழற்சிகள் எதிரெதிராக அமைந்த ஒற்றை நிலை ஆற்றலில் கீழேயும், அவை ஒரே திசையில் அமைந்த மும்மை நிலை மேலேயும் இருக்க வேண்டும் என்றும் முடிவுகட்டினர். தென்னாப்பிரிக்காவின் வான் நீகெர்க்கும் ஷோனிங்கும் 1953இல் வெளியிட்ட படிகக் கட்டமைப்பு, நான்கு அசிட்டேட் பாலங்களால் பிணைந்த இருபடியை (இரு தாமிர அலகுகள் சேர்ந்த மூலக்கூறை) காட்டி அந்த முடிவை உறுதிப்படுத்தியது.

இனிச் செய்முறைக்கு வருவோம். நல்ல படிகம் இல்லாவிட்டால் பின்னால் வரும் எந்தத் திறமையும் பயன்படாது. தாமிர அசிட்டேட்டைச் சூடான நீரில் கரைத்து, சில துளி அசிட்டிக் அமிலம் சேர்த்து, வடிகட்டி, அதிர்வில்லாத இடத்தில் மூடியும் மூடாமலும் வைத்து மெல்ல ஆவியாக விடுங்கள். அமிலத்தை விட்டுவிட்டுக் கரைசலைக் கொதிக்க வைத்தால் கார அசிட்டேட் வீழ்படிவாகி மாதிரியின் தூய்மையைக் கெடுக்கும். நீரில் கரையாத அணைவுகளுக்கு, மெத்தனால் அல்லது அசிட்டோநைட்ரைல் கரைசலுக்குள் டை எத்தில் ஈதரின் ஆவியை மெல்லப் பரவவிடும் முறை பெரும்பாலும் கைகொடுக்கும். எடுக்கும் கரண்டி எஃகாக இருக்க வேண்டாம், நெகிழி போதும். கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள் ஒன்று காந்த அளவீடு முழுவதையும் பாழாக்கிவிடும்.

படிகத்தைத் தெரிவு செய்வது முனைவாக்க நுண்ணோக்கியின் அடியில் நடக்க வேண்டும். படிகத்தைச் சுழற்றும்போது அது முழுவதும் ஒரே கணத்தில் இருண்டு ஒரே கணத்தில் ஒளிர்ந்தால் அது ஒற்றைப் படிகம். ஒரு பகுதி இருளும்போது மறுபகுதி ஒளிர்ந்தால் இரட்டைப் படிகமாக இருக்கக்கூடும், ஒதுக்கிவிடுங்கள். பக்கத்திற்கு 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள படிகத்தை எண்ணெயில் தோய்த்து, சிறு வளையத்தில் ஏற்றி, ஏறத்தாழ 100 கெல்வின் நைட்ரஜன் தாரையில் நிறுத்துவது வழக்கம். தாமிரம் போன்ற உலோகங்கள் உள்ள சேர்மங்களுக்கு மாலிப்டினம் கதிர் (அலைநீளம் 0.7107 ஆங்ஸ்ட்ரம்) உறிஞ்சலைக் குறைக்கும், ஆனாலும் உறிஞ்சல் திருத்தத்தைத் தவிர்க்கக் கூடாது. கட்டமைப்பைத் தீர்ப்பதற்கும் சீராக்குவதற்கும் ஷெல்எக்ஸ் நிரல்கள் உலகெங்கும் பயன்படுகின்றன. இப்பகுதி இன்று பெருமளவு கணினியின் வேலை என்பதால் இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

நிற்க வேண்டிய இடம், கிடைத்த கட்டமைப்பைப் படிக்கும் இடம். தாமிர அசிட்டேட்டில் இரு தாமிரங்களுக்கு இடையே 2.62 ஆங்ஸ்ட்ரம் தொலைவே உள்ளது. உலோகத் தாமிரத்தில் அது 2.56. இந்த நெருக்கத்தைப் பார்ப்பவர், இரு தாமிரங்களும் நேரடியாகப் பிணைந்திருப்பதே காந்த இணைப்புக்குக் காரணம் என்று எண்ணுவது இயல்பு. 1956இல் ஃபிகிஸும் மார்ட்டினும் அவ்வாறே விளக்கினர். பின்னர் பல கார்பாக்சிலேட் இருபடிகளை ஒப்பிட்டபோது, தாமிரங்கள் அசிட்டேட்டில் உள்ளதைவிட நெருங்கி வராத ஃபார்மேட் இருபடிகளில் இணைப்பு கணிசமாக வலுவாக இருப்பது தெரிந்தது. எனவே இடைவினை பெரும்பாலும் ஆக்சிஜன், கார்பன், ஆக்சிஜன் என்ற பாலத்தின் வழியே செல்கிறது என்பதே இன்றைய புரிதல். ஆகவே தொலைவை மட்டும் குறித்துக்கொண்டு நகராதீர்கள்: பாலம் அமைக்கும் ஈனி (உலோகத்தோடு பிணையும் அயனி அல்லது மூலக்கூறு) எது, அது உலோகத்தின் எந்தத் திசையில் பிணைகிறது, இணையுறா எலக்ட்ரான் இருக்கும் ஆர்பிட்டால் அந்தத் திசையை நோக்குகிறதா என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். தாமிர அசிட்டேட்டில் அடித்தளத்தின் நான்கு ஆக்சிஜன்களும் ஏறத்தாழ 1.97 ஆங்ஸ்ட்ரம் தொலைவிலும், அச்சு முனையின் நீர் மூலக்கூறு 2.16 ஆங்ஸ்ட்ரம் தொலைவிலும் உள்ளன. இணையுறா எலக்ட்ரான் அடித்தளத்தை நோக்கிய ஆர்பிட்டாலில் இருப்பதால்தான் அசிட்டேட் பாலங்கள் அத்தனை வலுவாக இடைவினையைக் கடத்துகின்றன.

ஹைட்ரஜன் அணுக்களின் இடத்தைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. எக்ஸ் கதிர் எலக்ட்ரான்களையே காண்கிறது. ஹைட்ரஜனின் ஒரே எலக்ட்ரான் பிணைப்பை நோக்கிச் சாய்ந்திருப்பதால் பிணைப்பு நீளம் உண்மையைவிடக் குறுகித் தெரியும். நியூட்ரான் அணுக்கருவையே காண்பதால் இக்குறை அதற்கு இல்லை. சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம், ஜி. எம். பிரவுனுடன் இணைந்து 1973இல் வெளியிட்ட நியூட்ரான் ஆய்வு, தாமிர அசிட்டேட்டின் கட்டமைப்பை ஹைட்ரஜன்கள் உட்பட மிகத் துல்லியமாக நிறுவியது. உங்கள் முடிவுகளை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்த படி எளிது. ஆனால் அதிகம் தவிர்க்கப்படுவதும் அதுவே. கட்டமைப்பு ஒரே ஒரு படிகத்திலிருந்து வந்தது. காந்த அளவீடோ பல மில்லிகிராம் தூளில் நடக்கப்போகிறது. அந்தத் தூள் முழுவதும் அதே சேர்மம்தானா என்பதை, தூள் விளிம்பு விளைவு வரைபடத்தை ஒற்றைப் படிகக் கட்டமைப்பிலிருந்து கணக்கிட்ட வரைபடத்தோடு பொருத்திப் பார்த்து உறுதி செய்யுங்கள். படிகத்துக்குள் இருக்கும் கரைப்பான் உலர்த்தும்போது வெளியேறியிருந்தால் மோலார் நிறையே மாறிவிடும். வெப்ப எடையறி பகுப்பாய்வு இதைக் காட்டிக்கொடுக்கும்.

மிக நுண்ணிய காந்தமாக்கலையும் அளக்கும் ஸ்குவிட் காந்தமானியில் 2 முதல் 300 கெல்வின் வரை, 0.1 டெஸ்லா அளவிலான புலத்தில் அளப்பது பொதுவான நடைமுறை. அதற்கு முன் 300 கெல்வினில் காந்தமாக்கலைப் புலத்திற்கு எதிராக வரைந்து, அது ஆதிப்புள்ளி வழியே செல்லும் நேர்கோடாக இருக்கிறதா என்று பாருங்கள்; வளைந்தால் ஃபெர்ரோ காந்த மாசு கலந்திருக்கிறது. காந்தத் திசைவேறுபாடு (திசைக்குத் திசை காந்தப் பண்பு மாறுதல்) மிகுந்த சேர்மங்களில் நுண்படிகங்கள் புலத்தோடு திரும்பிவிடும். தூளை அழுத்தியோ மெழுகு போன்ற ஐகோசேனில் பதித்தோ அதைத் தடுக்க வேண்டும். படிகங்கள் புலத்தில் இவ்வாறு திரும்பும் இயல்பையே அளவுகோலாக்கி, 1930களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் கே. எஸ். கிருஷ்ணன் படிகங்களின் காந்தத் திசைவேறுபாட்டை மெல்லிய இழையில் தொங்கவிட்டு அளந்தார் என்பதை இத்துறையில் நுழையும் தமிழ் மாணவர் அறிந்திருத்தல் நலம்.

பெற்ற எண்களில் டயாகாந்தத் திருத்தம் (இணையுற்ற எலக்ட்ரான்கள் புலத்துக்கு எதிராகத் தரும் சிறு பங்கை நீக்குதல்) செய்யாமல் எதையும் வரையாதீர்கள். ஒவ்வொரு அணுவுக்கும் அட்டவணையிட்ட பாஸ்கல் மாறிலிகளைக் கூட்டிப் பெறும் இத்திருத்தம் தாமிர அசிட்டேட்டில், அறை வெப்பநிலையில், மொத்த ஏற்புத்திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. வெப்பநிலையைச் சாராத பாராகாந்தப் பங்காக ஒவ்வொரு தாமிரத்துக்கும் மோலுக்கு 60 × 10⁻⁶ செ.மீ³ கொள்வது வழக்கம். பின்னர் ஏற்புத்திறனையும், அதை வெப்பநிலையால் பெருக்கிய தொகையையும் தனித்தனியே வரையுங்கள். குளிரும்போது இத்தொகை இறங்கினால் எதிர் ஃபெர்ரோ இணைப்பு (தற்சுழற்சிகள் எதிரெதிராக அமைவது) என்பது முதல் ஊகம். ஏறினால் ஃபெர்ரோ இணைப்பு (அவை ஒரே திசையில் அமைவது).

இருபடியின் ஏற்புத்திறன் வெப்பநிலையோடு மாறுவதை விவரிக்கும் பிளீனி, பவர்ஸ் சமன்பாட்டைப் பொருத்துமுன் கையால் ஒரு சோதனை செய்யலாம். தாமிர இருபடியில் ஏற்புத்திறன் உச்சம் பெறும் வெப்பநிலையை 1.6ஆலும் போல்ட்ஸ்மன் மாறிலியாலும் (0.695 செ.மீ⁻¹/கெல்வின்) பெருக்கினால் ஒற்றை நிலைக்கும் மும்மை நிலைக்கும் இடையிலான ஆற்றல் இடைவெளி கிடைக்கும். தாமிர அசிட்டேட்டின் உச்சம் 255 கெல்வின். இடைவெளி 284 செ.மீ⁻¹ (இங்கே ஆற்றலின் அலகு) என வருகிறது. முழுப் பொருத்தம் தரும் மதிப்பும் இதை ஒட்டியே இருக்கும். கணினி வெகுதூரம் விலகிய எண்ணைத் தந்தால் கணினியை ஐயுறுங்கள். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஏற்புத்திறன் மீண்டும் உயர்ந்தால் அது இணையாத ஒற்றைத் தாமிர மாசு. அதன் பங்கை ஒரு மாறியாகச் சேர்த்துப் பொருத்துங்கள். அது சில விழுக்காட்டைத் தாண்டினால் மாதிரியை மீண்டும் படிகமாக்குவதே நேர்மை.

இவ்வாறு பல சேர்மங்களை ஆராய்ந்த பிறகுதான் கட்டமைப்புக்கும் காந்தத்துக்கும் இடையிலான விதிகள் தோன்றும். ஹைட்ராக்சைடு பாலங்கள் இரண்டு கொண்ட தாமிர இருபடிகளில், தாமிரம், ஆக்சிஜன், தாமிரம் என்ற கோணம் 97.5 பாகையைத் தாண்டினால் எதிர் ஃபெர்ரோ இணைப்பும், குறைந்தால் ஃபெர்ரோ இணைப்பும் அமைவதை ஹாட்ஃபீல்டும் ஹாட்ஜ்சனும் 1976இல் காட்டினர். ஒரு பாகை மாற்றம் இணைப்பை ஏறத்தாழ 75 செ.மீ⁻¹ மாற்றுகிறது. கோணத்தைத் துல்லியமாக அறியாமல் இவ்விதி கிடைத்திருக்காது. அதே நேரம், 100 கெல்வினில் அறிந்த கட்டமைப்பு எல்லா வெப்பநிலைக்கும் பொருந்தும் என்று கொள்ளாதீர்கள். பினாந்த்ரோலினும் தயோசயனேட்டும் கொண்ட நன்கறியப்பட்ட இரும்பு அணைவு 176 கெல்வினை ஒட்டித் தற்சுழற்சி நிலையை மாற்றும்போது இரும்பு, நைட்ரஜன் பிணைப்புகள் ஏறத்தாழ 0.2 ஆங்ஸ்ட்ரம் நீள்கின்றன அல்லது குறுகுகின்றன. அத்தகைய சேர்மத்துக்கு மாற்றத்தின் இருபுறமும் கட்டமைப்பு எடுக்க வேண்டும்.

முடிவுகளை எழுதும்போது பயன்படுத்திய ஹாமில்டோனியனை (தற்சுழற்சிகளின் இடைவினை ஆற்றலை எழுதும் கோவையை) முழுமையாகக் குறிப்பிடுங்கள். இணைப்பின் வலிமையைக் குறிக்கும் பரிமாற்ற மாறிலியின் முன்னால் ஒரு குழு கழித்தல் குறியுடன் இரண்டையும், மற்றொரு குழு வெறும் கழித்தல் குறியையும், வேறொரு குழு கூட்டல் குறியையும் இடுகின்றன. அதைச் சொல்லாவிட்டால் உங்கள் எண் இருமடங்காகவோ எதிர்க்குறியோடோ படிக்கப்படும். கட்டமைப்புக் கோப்பைக் கேம்பிரிட்ஜ் தரவுத்தளத்தில் சேர்த்து, காந்தத் தரவுகளின் மூல எண்களையும் கட்டுரையோடு இணைத்துவிடுங்கள்.