வார்டுக்குப் புதுக் கட்டடம் கேட்கிறீர்களா? முதலில் சர்வே நம்பரைப் பாருங்கள்

சமுதாய நலக்கூடமோ அங்கன்வாடியோ வாசிப்பறையோ வேண்டும் என்று தெருவில் பேச்சு எழுந்ததும் முதல் வேலையாக எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு மனு எழுதுகிறார்கள். பணம் வந்துவிட்டால் மற்றது தானாக நடக்கும் என்ற நம்பிக்கை. வட சென்னையில் உள்ளாட்சிப் பொறியியல் பிரிவு ஒன்றில் எஸ்டிமேட் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பக்கம் தனித்தனி நகராட்சிகள் இருந்த காலத்தையும் பார்த்தேன், 2011 அக்டோபரில் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும் பார்த்தேன். நான் கண்டவரை, பணம் இல்லாமல் நின்ற கோப்புகளைவிட இடத்தில் சிக்கல் வந்து நின்றவைதான் அதிகம். கட்டி முடித்தும் பூட்டிக் கிடப்பவை, நடத்த ஆள் ஏற்பாடு செய்யாததால் கிடக்கின்றன. அதனால் என் வரிசை இப்படி: முதலில் இடம், அப்புறம் நடத்துவது யார், அதற்குப் பிறகு பணம்.

மீஞ்சூர் பக்கத்துத் தம்பி ஒருவர், முதல் முறையாக வார்டு உறுப்பினர் ஆனவர், போனில் கேட்டார்: "மேடம், ஃபண்டு யார்கிட்ட கேட்கணும்?" நான் கேட்டது, "இடம் எது தம்பி? சர்வே நம்பர் இருக்கா?" பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் காலியாக ஒரு இடம் இருக்கிறது என்றார். வட சென்னையிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் காலி இடம் என்று நாம் கை காட்டுவதற்கெல்லாம் யாரோ உரிமையாளர் இருக்கிறார்கள். ரயில்வே இருக்கும், துறைமுகம் இருக்கும், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் இருக்கும், கோயில் நிலமாகவோ வக்ஃபு நிலமாகவோ இருக்கும். வருடக்கணக்கில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதால் அது மாநகராட்சி இடம் ஆகிவிடாது.

ஆகவே வட்டாட்சியர் அலுவலகத்திலோ அரசின் இ-சேவை இணையதளத்திலோ ஆவணத்தை எடுங்கள். நகர நில அளவை முடிந்த பகுதி என்றால் டி.எஸ்.எல்.ஆர். என்ற நகர நில அளவைப் பதிவேட்டின் பிரதி கிடைக்கும், பிளாக் எண், டி.எஸ். எண், நிலத்தின் வகை, யார் பெயரில் இருக்கிறது எல்லாம் அதில் தெரியும். மற்ற ஊர்களில் நிலத்தின் வகையும் உரிமையாளரும் எழுதியிருக்கும் அ-பதிவேடும், எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடமும் பார்க்க வேண்டும். உள்ளாட்சியின் பெயரிலேயே இருந்தால் பாதி வேலை முடிந்தது. அரசு புறம்போக்கு என்று இருந்தால் வருவாய்த் துறை வழியாக மாவட்ட ஆட்சியருக்குப் போய் நில மாற்றம் கேட்க வேண்டும். நடக்கிற வேலைதான், ஆனால் நேரம் எடுக்கும்.

குளம், ஏரி, ஓடை, வாய்க்கால் என்று வகை இருந்தால் தண்ணீரே இல்லாமல் குப்பை மேடாகக் கிடந்தாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். நீதிமன்றம் அதை விடாது. மழைக்காலத்தில் தண்ணீரும் விடாது. பெரிய மனைப்பிரிவுகளில் ஓ.எஸ்.ஆர். என்று தானமாகக் கொடுத்த திறந்தவெளி நிலமும் அப்படியே. பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கியதில் மண்டபம் கட்டக் கூடாது. அந்த மனையை வாங்கியவர்கள் காசு கொடுத்தது அந்தத் திறந்தவெளிக்கும் சேர்த்துத்தான். என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் மிச்சமிருக்கும் சில மைதானங்களைக் கட்டடம் கேட்டு நாமே அழித்துவிடக் கூடாது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை இன்னொரு விஷயம் உண்டு. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகம், ஆற்றுக் கரைகளுக்கும் அந்த விதிகள் உண்டு. அதற்குள் இடம் பார்த்தால் தனி அனுமதி வேண்டும். உள் தெருவில் இடம் கிடைக்குமானால் அதையே எடுங்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல இடம், ஏற்கெனவே உள்ளாட்சிக் கட்டடம் நிற்கும் இடம். சேர்க்கை குறைந்து பாதி வகுப்பறைகள் மூடிய பள்ளி, பயன்படாத பழைய வார்டு அலுவலகம், கைவிட்ட பம்பு அறை. பட்டா தகராறு இல்லை, சாலை உண்டு, தண்ணீர்க் குழாயும் பக்கத்திலேயே இருக்கும். பழையதன் உறுதித்தன்மைச் சான்று கேளுங்கள். பழுது பார்த்தால் போதுமா, இடித்துக் கட்ட வேண்டுமா என்பதைப் பொறியாளர் எழுதித் தரட்டும்.

இடம் உறுதியானதும் பயன்படுத்தப் போகிறவர்களை உட்கார வையுங்கள். காலையில் கதவைத் திறப்பது யார், கழிப்பறையைக் கழுவுவது யார், கரண்ட் பில் யார் கணக்கில் போகும் என்று அவர்கள் முன்னிலையிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அங்கன்வாடி என்றால் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் துறை ஊழியரைத் தருகிறது. அந்தத் துறையின் சம்மதக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும். நூலகம் என்றால் நூலக ஆணைக்குழுவைப் பாருங்கள். உங்கள் சொத்து வரியோடு சேர்த்து 10 சதவீதம் நூலக வரி கட்டுகிறீர்கள். அது நூலகத்துக்கென்றே வாங்கும் பணம், அதனால் உரிமையோடு கேட்கலாம். சமுதாய நலக்கூடத்துக்கு வாடகை வரும். அதை வைத்து ஒரு காவலாளியையும் ஒரு துப்புரவாளரையும் வைக்க முடியுமா என்று கணக்குப் போட்டு மனுவோடு இணையுங்கள். இந்த ஒற்றைத் தாள் கணக்கைப் பார்த்துவிட்டு மண்டல அலுவலகத்தில் பேசும் தொனியே மாறும். கட்டடம் கேட்டு வருகிறவர்கள் நிறைய, பராமரிப்புக் கணக்கோடு வருகிறவர்கள் அபூர்வம்.

ஒரே கட்டடத்தில் இரண்டு பயன்பாடுகளைச் சேர்க்க முடியுமா என்றும் யோசியுங்கள். 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இடம் உண்டு, லேப்டாப்போடு வந்து வேலை செய்கிறவர்களுக்கும் இடம் உண்டு. பத்துக்குப் பத்து வீட்டில் படிக்கும் பிள்ளைகள் நிறைந்த நம் தெருக்களுக்கு, வருடத்தில் சில முகூர்த்த நாட்கள் மட்டும் நிரம்பும் மண்டபத்தைவிட இது அதிகம் தேவை என்பது என் எண்ணம். போய் ஒரு முறை பாருங்கள்.

இப்போது வரைபடம். எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வரைபடத்தை வைத்து எஸ்டிமேட் போடுவது வழக்கம். நம் பக்கத்துக்கு அது சரிவராது. இங்கே உப்புக் காற்று, தாழ்வான நிலம் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. கடலோரச் சூழலுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி கேட்பது குறைந்தது எம்-30 தரக் கான்கிரீட், கம்பிக்கு 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை வெளியிலிருந்து மூடும் கான்கிரீட்டின் கனம். கவர் குறைந்தால் ஈரமும் உப்பும் கம்பியைத் தொட்டுவிடும். கம்பி துருப்பிடித்து வீங்கும், கான்கிரீட் பெயர்ந்து விழும். எஸ்டிமேட்டில் எம்-20 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட குடியிருப்புப் பகுதி இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்துவிட்டு மக்கள் முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இந்த மண்ணில் கட்டுகிற எவருக்கும் அது நினைவில் இருக்க வேண்டும்.

பிளிந்த், அதாவது தெருவிலிருந்து கட்டடத் தரை இருக்கும் உயரத்துக்கு, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்து வீடுகளில் கேளுங்கள். சுவரில் கறை இருக்கும், இல்லாவிட்டால் பாட்டிமார் சரியாகச் சொல்வார்கள். அதற்கு மேலே தரை வர வேண்டும். ஆனால் உயர்த்தினால் சாய்தளமும் நீளும். விதி 1-க்கு 12. தரையை 3 அடி உயர்த்தினால் சாய்தளத்துக்கு 36 அடி ஓடவேண்டும், நடுவில் திரும்பும் மேடை வேறு. சின்ன மனையில் இதை முதலிலேயே வரையாவிட்டால் கடைசியில் ஏற முடியாத சரிவு ஒன்றை ஒட்டவைத்துவிட்டுப் போவார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். கழிப்பறை தரைத்தளத்தில் இருக்கட்டும். மின் மீட்டர் பெட்டியும் வெள்ள மட்டத்துக்கு மேல் போகட்டும்.

எஸ்டிமேட்டில் விட்டுப்போவதைச் சொல்கிறேன். கட்டுமானம் 60 லட்சம் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 10 லட்சத்து 80 ஆயிரம். தொழிலாளர் நல நிதி 1 சதவீதம் 60 ஆயிரம். ஆக 71 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டது, இன்னும் மண் பரிசோதனை, மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்பு, சுற்றுச்சுவர், நாற்காலி, மேசை எதுவும் வரவில்லை. மின் இணைப்புக்குப் பணம் ஒதுக்காமல் கட்டி, அதற்காகவே மாதக்கணக்கில் திறக்காமல் கிடந்த கட்டடங்களை நான் பார்த்திருக்கிறேன். இவை அத்தனையும் ஒரே எஸ்டிமேட்டில் வர வேண்டும் என்று உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். கவுன்சிலரின் வார்டு நிதி லட்சக்கணக்கில்தான் வரும், அதிலேயே தெருவிளக்கு முதல் எல்லாம் பார்க்க வேண்டும். சுற்றுச்சுவர், பழுதுபார்ப்பு, தளவாடத்துக்கு அதைக் கேளுங்கள். எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி, சிறிய முழுக் கட்டடத்துக்கு இதுதான் பொருத்தம். எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. பெரிய தொகைபோலத் தெரியும். ஆனால் வட சென்னை மக்களவைத் தொகுதிக்குள் திருவொற்றியூர், ஆர்.கே. நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என ஆறு சட்டமன்றத் தொகுதிகள். சமமாகப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூட வராது. மீஞ்சூர், பொன்னேரிக்காரர்கள் திருவள்ளூர் எம்.பி.யிடம் போக வேண்டும். இந்த நிதி எதுவும் ஊழியர் சம்பளத்துக்கோ கரண்ட் பில்லுக்கோ வராது. நடத்தும் செலவை முதலில் பேசச் சொன்னது அதற்குத்தான்.

வட சென்னை வளர்ச்சித் திட்டத்தை 2023-ல் 1,000 கோடி ரூபாய்க்கு அறிவித்தார்கள். 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் தொடங்கும்போது பல துறைகளின் பணிகளையும் சேர்த்து 4,181 கோடியாக வளர்ந்திருந்தது. சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) முன்னின்று நடத்தும் திட்டம் இது. இதுபோன்ற பெரிய திட்டங்களில் இடமும் வரைபடமும் கைவசம் வைத்திருக்கும் வார்டுகள்தான் முதலில் நுழைகின்றன.

நமக்கு நாமே திட்டத்தில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்காவது தர வேண்டும், மீதியை அரசு தரும். 30 லட்சம் ரூபாய் வாசிப்பறைக்கு 10 லட்சம். தெரு வசூலில் மட்டும் இது முடியாது. வியாபாரிகள் சங்கம், மீனவர் பஞ்சாயத்து, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்தால் முடியும். ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் நிற்கும் விக்டோரியா பொது மண்டபமே 1880-களின் இறுதியில் ஊரார் நன்கொடையில் எழுந்ததுதான். பணத்தைச் சங்கத்தின் கணக்கில் வைத்துக்கொள்ளாமல் உள்ளாட்சியின் பெயரில் வரைவோலையாகக் கட்டி ரசீது வாங்குங்கள். கொடுத்தவர் பெயரும் தொகையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியை நம் பக்கம் இன்னும் நன்றாகக் கேட்கலாம். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவுக்குள் வரும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டமே சொல்கிறது. மணலி, எண்ணூர், திருவொற்றியூரில் புகையையும் லாரிப் போக்குவரத்தையும் தாங்குகிறவர்கள் நாம். கூச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் வார்டு அலுவலகம் வேண்டும் என்று எழுதினால் மனு தள்ளுபடியாகும். பொது நூலகம், கல்வி, சுகாதாரம் இவை சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் இருக்கின்றன. அந்தத் தலைப்பில் எழுதுங்கள்.

சிறிய நகராட்சி, பேரூராட்சிகளுக்கு 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டுண்டிருந்தது, மீதி 40 தான் மன்றம் முடிவு செய்ய விட்டது. எந்த மானியம் வந்தாலும் இப்படிக் கட்டுப்பாடு எவ்வளவு என்று முதலில் கேட்டுவிட்டுத் தீர்மானம் போடுங்கள்.

ஒரே சுவருக்கு மூன்று நிதிகளைக் கலக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி ஆய்வு, தனிப் பயன்பாட்டுச் சான்றிதழ். ஒன்று தாமதமானால் மற்றதும் நிற்கும். கட்டடம் முழுவதும் ஒரு நிதியில், நாற்காலியும் சோலாரும் இன்னொன்றில் என்று பிரித்தால் வேலை ஓடும்.

காலமும் முக்கியம். மாநகராட்சி பட்ஜெட் பிப்ரவரி, மார்ச் வாக்கில் வருகிறது. ஐப்பசி, கார்த்திகைக்குள் எஸ்டிமேட் கைக்கு வந்துவிட வேண்டும். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தில் பகுதி சபா என்ற வார்டு மக்கள் கூட்டம் கூடும்போது தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பிறகு வார்டு குழு, மண்டலக் குழு, மன்றம். ஒவ்வொரு படியிலும் தீர்மான எண்ணைக் குறித்து வையுங்கள்.

டெண்டர் விடும்போது 2 கோடிக்குள் என்றால் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். வேலை தொடங்கியதும் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு எஸ்டிமேட், ஒப்பந்தம், எம்-புக் (செய்த வேலையின் அளவுப் பதிவேடு) நகல்களை வாங்குங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் சோதனைக்கு க்யூப் (கான்கிரீட் மாதிரிக் கட்டி) எடுக்கிறார்களா, கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க எதிர்வீட்டுக்காரர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் மழைக்காலத்தில் எங்காவது கசிந்தால் ஒப்பந்தத்தில் உள்ள குறைதீர்ப்புக் காலம் முடிவதற்குள் புகைப்படத்தோடு செயற்பொறியாளருக்கு எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.