டேட்டா என்ரிச்மென்ட் டூல் வாங்கும் முன்: வடசென்னை சேல்ஸ் டீமுக்கு ஒரு செய்முறை

உங்கள் எக்செல் ஷீட்டில் கம்பெனி பெயரும் ஒரு போர்டு லைன் நம்பரும் (ஆபீஸின் பொது நம்பர்) மட்டும் இருக்கின்றன. பர்சேஸ் பார்ப்பவர் யார், அவருடைய ஈமெயில் என்ன, அந்தக் கம்பெனி இன்னும் நடக்கிறதா என்பதெல்லாம் காலி. இந்தக் காலிக் கட்டங்களை வெளியிலிருந்து தகவல் எடுத்து நிரப்புவதுதான் டேட்டா என்ரிச்மென்ட். அப்போலோ, ஜூம்இன்ஃபோ, லூஷா, காக்னிசம், கிளே என்று இதற்கு நிறைய டூல்கள் உண்டு. டெமோவில் எல்லாமே பிரமாதமாகத்தான் தெரியும். ஆனால் நீங்கள் மணலி பிளான்ட்டுக்கு கேஸ்கெட் விற்பவராகவோ, தம்புச் செட்டித் தெரு கஸ்டம்ஸ் ஏஜென்ட்டைத் தேடுபவராகவோ இருந்தால், டெமோவை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

படி 1: எது இல்லாமல் விற்பனை நிற்கிறது?

டீமில் போன் செய்கிறவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டே கட்டம்தான் வரும்: சரியான ஆள், அவருடைய நேரடி நம்பர். டூல்காரர்கள் பெருமையாகச் சொல்லும் நூறு கட்டங்களில் மற்றதெல்லாம் உங்களுக்கு அலங்காரம்.

படி 2: இலவசமாகக் கிடைப்பதை முதலில் எடுங்கள்

பலர் தாண்டிப் போகும் படி இது. ஜிஎஸ்டி போர்ட்டலில் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் போட்டால் பதிவுப் பெயர், கடைப் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் பைசா செலவில்லாமல் வரும். லாகின்கூட வேண்டாம். எண்ணுக்கு எங்கே போவது என்கிறீர்களா? பழைய பில்லில் இருக்கும். இல்லாவிட்டால் கடை வாசலைப் பாருங்கள். பெயர்ப் பலகையில் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும் என்பது விதி. ஜார்ஜ் டவுன் பக்கம் போகும் சேல்ஸ் பையனிடம் போட்டோ எடுத்து வரச் சொன்னால் போதும்.

அந்த எண்ணிலேயே விஷயம் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். மொத்தத்தில் ஆறாவதாக வரும் எழுத்தைக் கவனியுங்கள்: 'சி' என்றால் கம்பெனி, 'எஃப்' என்றால் பார்ட்னர்ஷிப் அல்லது எல்எல்பி, 'பி' (P) என்றால் தனிநபர். 'பி' வந்தால் அது முதலாளியே நடத்தும் கடை. அங்கே பதிவுப் பெயரே அவர் பெயர்தான், பர்சேஸ் மேனேஜரும் அநேகமாக அவர்தான். ஷீட்டில் இப்படிப்பட்ட வரிசைகளுக்கு டூல் கிரெடிட்டை (ஒவ்வொரு தகவலுக்கும் கழியும் யூனிட்) செலவழிப்பது வீண்.

படி 3: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த 50 பேரை வைத்துச் சோதியுங்கள்

புது லீட்களை வைத்துச் சோதித்தால் வரும் பதில் சரியா தப்பா என்று உங்களுக்கே தெரியாது. அதனால் ஏற்கெனவே பழகிய 50 வாடிக்கையாளர்களை எடுங்கள். மணலி, எண்ணூர் பெரிய பிளான்ட்கள் கொஞ்சம், பாரிமுனைச் சுற்றியுள்ள சரக்கு ஏஜென்ட்கள் கொஞ்சம், மாதவரம், திருவொற்றியூர் சின்னப் பட்டறைகள் கொஞ்சம். கம்பெனி பெயர், பின்கோடு, வெப்சைட் மட்டும் விட்டுவிட்டு மற்றதை அழித்து, எல்லா டூலுக்கும் இதே ஷீட்டைக் கொடுங்கள். ட்ரையல் கிரெடிட் இதற்குப் போதுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே இடறும் என்று முன்கூட்டியே சொல்கிறேன். இந்த டூல்களில் பல, கம்பெனியை வெப்சைட் டொமைனை வைத்தோ லிங்க்ட்இன் பக்கத்தை வைத்தோதான் அடையாளம் காண்கின்றன. பட்டறைக்காரர் ஜிமெயிலில் கொட்டேஷன் அனுப்புகிறவர் என்றால் டூலின் கண்ணிலேயே அவர் படமாட்டார். பெரிய பிளான்ட்டில் வேறு சிக்கல். தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தால், அங்கே உட்கார்ந்திருக்கும் வைஸ் பிரெசிடென்ட்டின் ஈமெயில் வரும். உங்களுக்கு வேண்டியதோ மணலியில் ஸ்டோர்ஸ் பார்ப்பவர். முகவரியும் படுத்தும்: பழைய கதவு எண், புது எண் என்று ஒரே கம்பெனி இரண்டு வரியாக வந்து நிற்கும். திருவொற்றியூருக்கு ஆங்கில ஸ்பெல்லிங் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். பின்கோடை வைத்துப் பொருத்தினால் ஓரளவு தப்பிக்கலாம். மணலி 600068, திருவொற்றியூர் 600019.

படி 4: நிரம்பியதை எண்ணாதீர்கள், சரியானதை எண்ணுங்கள்

'மேட்ச் ரேட் 80 சதவீதம்' என்பார்கள். கட்டம் நிரம்பியது என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் இல்லை. உதாரணத்துக்கு, 50-இல் 40 நிரம்பி, அதில் 22 மட்டும் சரி என்று வைத்துக்கொள்வோம். கிரெடிட் ஒன்று 10 ரூபாய் என்றால் 400 ரூபாய்க்கு 22 சரியான தகவல், அதாவது ஒன்று சுமார் 18 ரூபாய். இந்த 18-ஐத்தான் டூலுக்கு டூல் ஒப்பிட வேண்டும். மீதி 18 வரி தப்பு; காலியாக விட்டதைவிட மோசம், ஏனென்றால் உங்கள் ஆள் அதை நம்பிப் போன் செய்வார். ஈமெயிலில் 'கேட்ச்-ஆல்' என்று குறி வந்தால் சரி என்று கணக்கு வைக்காதீர்கள். அந்த சர்வர் எந்தப் பெயருக்கு அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

பெரிய பிளான்ட்டுக்கு ஒரு டூலும் ஏஜென்ட்களுக்கு வேறொன்றும் நன்றாக வந்தால், கிளே மாதிரி பல சப்ளையர்களிடம் வரிசையாகக் கேட்டுப் பார்க்கும் டூலை யோசிக்கலாம். ஆனால் அதை அமைக்கத் தெரிந்த ஒருவர் டீமில் வேண்டும். அப்படி ஆள் இல்லாவிட்டால் வேண்டாம் என்பதே என் கருத்து.

படி 5: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நம்பரை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவரின் செல் நம்பர், அது கம்பெனி வேலைக்குத்தான் என்றாலும், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிநபர் தரவுதான். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம் என்று) பதிவு செய்த நம்பர்களைத் தனியாகப் பிரித்துத் தருவார்களா என்பதையும் கேளுங்கள். அந்த நம்பர்களுக்குச் சாதாரண 10 இலக்க நம்பரிலிருந்து விற்பனைக்கு அழைத்தால், புகார் போய் உங்கள் இணைப்பே துண்டிக்கப்படலாம்.

டாலரில் பில் போடும் வெளிநாட்டு டூல் என்றால், ரிவர்ஸ் சார்ஜ் முறையில் 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்களே கட்ட வேண்டிவரும். திரும்ப எடுக்க முடியுமா என்பதை ஆடிட்டரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடுங்கள்: மீந்த கிரெடிட் அடுத்த மாதத்துக்குப் போகுமா, ஆண்டு முடிவில் தானாகப் புதுப்பித்துக்கொள்வார்களா, நிறுத்தினால் ஏற்கெனவே உங்கள் சிஆர்எம்மில் (வாடிக்கையாளர் விவரம் வைக்கும் சாஃப்ட்வேர்) ஏற்றிய தகவலை அழிக்கச் சொல்வார்களா. மூன்றாவதற்கு 'ஆம்' என்றால் ஆண்டுச் சந்தாவுக்குப் போகாமல், முதலில் மாதச் சந்தாவில் எடுங்கள்.